கேனுக்குள் இருக்கும் காற்று

அமெரிக்கப் புறநகர் வீடுகளின் கராஜில், புல்வெட்டும் இயந்திரத்துக்குப் பக்கத்தில், ஒரு சிவப்புக் கேன் பெரும்பாலும் கண்ணில் படும். ஒரு கேலன், இரண்டு கேலன், ஐந்து கேலன் என்று பல அளவுகளில் அது கிடைக்கும். ஐந்து கேலன் என்பது ஏறக்குறைய 19 லிட்டர். சிவப்பு பெட்ரோலுக்கு, மஞ்சள் டீசலுக்கு, நீலம் மண்ணெண்ணெய்க்கு என்பது அங்கே பழகிப்போன வழக்கம். வசந்தத்தில் புல் தழைக்கத் தொடங்கியதும் கேனை நிரப்புவார்கள். இலையுதிர் காலத்தில் புல் வளர்வது நின்றதும், அடியில் கொஞ்சம் மீதியோடு அது மூலைக்குப் போய்விடும்.

அந்தக் கேனில் இரண்டு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று பெட்ரோல். மற்றொன்று, பெட்ரோல் மட்டத்துக்கு மேலே உள்ள இடத்தை நிரப்பியிருக்கும் காற்றும் ஆவியும் கலந்த கலவை. வாங்குகிறவர் காசு கொடுப்பது முதலாவதற்கு. ஆனால் தீ விபத்து, இயந்திரப் பழுது, நீதிமன்ற வழக்கு, அரசு விதி என்று இந்தக் கேனைச் சுற்றி நடந்த எல்லாவற்றுக்கும் வேர் இரண்டாவதில்தான் இருக்கிறது.

பெட்ரோல் திரவமாக இருக்கும்வரை எரிவதில்லை. எரிவது அதிலிருந்து எழும் ஆவி. ஒரு திரவத்தின் மேல் எரியக்கூடிய அளவுக்கு ஆவி சேரும் மிகக் குறைந்த வெப்பநிலையைத் தீப்பற்று நிலை என்கிறோம். டீசலுக்கு இது சுமார் 52 டிகிரி செல்சியஸுக்கு மேல். மண்ணெண்ணெய்க்கு 38 டிகிரிக்கு மேல். பெட்ரோலுக்கோ சைபருக்குக் கீழே 43 டிகிரி! மினசோட்டாவின் கடும் பனிக்காலத்திலும் திறந்த பெட்ரோலுக்கு மேல் எரியத் தயாரான ஆவி இருக்கும். மண்ணெண்ணெய் ஸ்டவ்வோடு பழகிய கை பெட்ரோலையும் அதே போலக் கையாளப் போனால், அந்தப் பழக்கமே ஆபத்தாகிவிடும்.

ஆவி இருந்தால் மட்டும் போதாது. காற்றோடு அது சரியான விகிதத்தில் கலந்திருக்க வேண்டும். கலவையில் பெட்ரோல் ஆவி 1.4 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் எரியாது. 7.6 சதவீதத்தைத் தாண்டினாலும் எரியாது, ஆக்சிஜன் போதாமல் போய்விடும். ஆபத்து இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கிறது. கீழ் எல்லை எவ்வளவு சிறியது என்பதை ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு லிட்டர் பெட்ரோல் முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 180 லிட்டர் ஆவி கிடைக்கும். அது 1.4 சதவீதமாகப் பரவினால் சுமார் 13 கன மீட்டர் காற்றை எரியக்கூடியதாக்கிவிடும். ஒரு சிறிய அறை முழுவதற்கும் அது போதும். கை தவறிச் சிந்தும் ஒரு தம்ளர் பெட்ரோலை இந்தக் கணக்கோடு பார்க்க வேண்டும்.

இந்த ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. அதனால் மேலே எழுந்து கலைந்து போகாது. தரையோடு தரையாகப் பரவி, பள்ளத்தில் தேங்கி, கதவிடுக்கின் வழியே அடுத்த அறைக்கும் போகும். அமெரிக்க வீடுகள் பலவற்றில் எரிவாயுவில் இயங்கும் வாட்டர் ஹீட்டர் கராஜிலேயே இருக்கும். அதன் எரிமுனை அடிப்பகுதியில், தரையை ஒட்டி இருக்கும். பழைய மாதிரிகளில் ஒரு சின்னச் சுடர் இரவும் பகலும் அணையாமல் எரிந்துகொண்டிருக்கும். மூலையில் சிந்திய பெட்ரோல், கண்ணுக்குத் தெரியாமல் தரைவழியே அந்தச் சுடரைத் தேடிப் போகும். சிந்தியவர் அறையின் மறுகோடியில் துணியால் துடைத்துக்கொண்டிருப்பார். கராஜில் தீமூட்டக்கூடிய சாதனங்களைத் தரையிலிருந்து 18 அங்குலம் உயர்த்தி வைக்க வேண்டும் என்று அங்குள்ள கட்டட விதிகள் சொல்வது இதனால்தான்.

2012 மார்ச்சில் பிரிட்டனில் டேங்கர் லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்யக்கூடும் என்ற பேச்சு எழுந்தது. வீட்டு கராஜில் ஒரு கேன் பெட்ரோல் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம் என்ற பொருளில் அமைச்சர் பிரான்சிஸ் மோட் பேசினார். தீயணைப்பு வீரர்களின் சங்கம் அதை உடனே கண்டித்தது. அந்த வாரமே யார்க் நகரில் ஒரு பெண் தன் சமையலறையில் பெட்ரோலை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டிருந்தபோது, எரிந்துகொண்டிருந்த கேஸ் அடுப்பில் ஆவி பற்றிக்கொண்டது. அவர் கடுமையான தீக்காயங்களுக்கு உள்ளானார். பெட்ரோல் அடுப்பில் சிந்தவில்லை. ஆவி சென்று சேர்ந்ததே போதுமானதாக இருந்தது. அரசாங்கத்தில் பொறுப்பில் இருக்கிறவர்கள் எரிபொருளைப் பற்றி மேம்போக்காகப் பேசக் கூடாது என்று நான் உறுதியாக நினைப்பதற்கு இந்த நிகழ்ச்சி ஒரு காரணம்.

இனி மூடிய கேனுக்குள் பார்ப்போம். சாதாரண வெப்பநிலையில், புதிய பெட்ரோல் உள்ள கேனின் மேலிடத்தில் ஆவியின் பங்கு 7.6 சதவீதத்தைவிடப் பல மடங்கு அதிகம். அந்தக் கலவை எரிய முடியாத அளவுக்குச் செறிந்தது. கேனின் வாயில் சுடர் பட்டால் வெளியே வரும் ஆவி வாயில் நின்று எரியுமே தவிர, உள்ளே போகாது. இதனால்தான், கேன் தானாக உள்ளிருந்து வெடிக்காது என்று வெகுகாலம் பலர் வாதிட்டார்கள். நிரம்பிய கேனுக்கு அந்த வாதம் பெரும்பாலும் சரி. ஆனால் பல மாதம் கிடந்த பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதிகள் முன்பே போயிருக்கும். கேனின் அடியில் இருப்பதும் கொஞ்சம், வெளியே குளிர். மேலிடத்தில் ஆவி குறைந்து, கலவை மெல்ல 7.6-க்குக் கீழே, எரியும் எல்லைக்குள் இறங்கிவிடுகிறது. அப்போது சாய்த்து ஊற்றும் வேளையில் எங்கிருந்தோ ஒரு சுடர் வந்தால், அது வாய் வழியே உள்ளே ஓடி, கேனின் வயிற்றிலிருந்து எரியும் பெட்ரோலைப் பீய்ச்சித் தள்ளும். நிறைந்த கேனைவிடக் காலியாகப் போகும் கேனே இந்த வகையில் ஆபத்தானது. இதை மாசசூசெட்ஸ் மாநிலத்தின் உஸ்டர் பாலிடெக்னிக் கல்வி நிறுவனத்தின் சோதனைகள் காட்டின.

சுடர் இப்படி உள்ளே ஓடுவதைத் தடுக்கும் வழி இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே கண்டறியப்பட்டுவிட்டது. 1812 மே மாதம் இங்கிலாந்தின் ஃபெல்லிங் நிலக்கரிச் சுரங்கத்தில் மீத்தேன் வாயு தொழிலாளர்களின் விளக்கில் பற்றி வெடித்து 92 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள். சுரங்கத்துக்கு ஒரு பாதுகாப்பான விளக்கு வேண்டும் என்ற கோரிக்கை வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவியிடம் வந்தது. 1815-இல் அவர் ஆய்வகத்தில் கண்ட உண்மை எளியது: குறுகலான உலோகத் துளைகளின் வழியே சுடர் கடந்து செல்ல முடிவதில்லை. சுடர் நீடிக்க, அது தன்னை அடுத்துள்ள வாயுவைப் பற்றும் வெப்பநிலைக்குச் சூடாக்க வேண்டும். துளை சிறிதாக இருந்தால், சுற்றியுள்ள உலோகம் அந்த வெப்பத்தை அதற்கு முன்பே உறிஞ்சிவிடுகிறது. வாயு கடந்து போகிறது, சுடர் இந்தப் பக்கமே நின்றுவிடுகிறது. டேவி தன் விளக்கின் சுடரைச் சுற்றி, ஓர் அங்குல நீளத்துக்கு 28 துளைகள் உள்ள கம்பி வலையைப் போர்த்தினார். அதே காலத்தில், நியூகாசில் பக்கத்துச் சுரங்கமொன்றில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீபன்சன் சிறு துளைகளை வைத்துத் தனியாக ஒரு விளக்கு செய்தார். முறையான பள்ளிப் படிப்பு இல்லாத ஒருவர் அதே உண்மையைச் சோதித்துச் சோதித்தே எட்டியது எனக்கு டேவியின் சாதனைக்குச் சற்றும் குறைந்ததாகத் தெரியவில்லை.

தொழிற்சாலைகளில் புழங்கும் உலோகப் பாதுகாப்புக் கேன்களில் இந்த வலை பல பத்தாண்டுகளாக இருந்து வருகிறது. வீட்டுக்கு விற்ற பிளாஸ்டிக் கேன்களில் அது இல்லை. தீக்காயம் பட்டவர்களும் உயிரிழந்தவர்களின் குடும்பங்களும், விலை குறைந்த வலை ஏன் இல்லை என்று நீதிமன்றத்தில் கேட்டார்கள். அமெரிக்கச் சந்தையில் பெரும்பங்கை வைத்திருந்த, ஓக்லஹோமா மாநிலத்தின் மயாமி ஊரைச் சேர்ந்த ப்ளிட்ஸ் யுஎஸ்ஏ நிறுவனம், வழக்குகளின் சுமையில் 2011-இல் திவால் பாதுகாப்பு கோரி, 2012-இல் மூடப்பட்டது. 2020 டிசம்பரில் நாடாளுமன்றம் கையடக்க எரிபொருள் கலன் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன்படி 2023 ஜூலை 12 முதல் தயாராகும், ஐந்து கேலன் வரையுள்ள கேன்கள் சுடர் உள்ளே போவதைத் தடுக்கும் அமைப்போடுதான் வர வேண்டும். வாட்டர் ஹீட்டர்கள் இதில் முந்திக்கொண்டன. 2003 ஜூலை முதல், வீடுகளில் அதிகம் புழங்கும் அளவுகளில், காற்று உள்ளே வரும் வழியில் இதே தத்துவத்தில் இயங்கும் தடுப்பு பொருத்தப்பட்டு வருகிறது. ஒரே அறிவு ஒரே கராஜின் இரண்டு மூலைகளுக்கு இருபது ஆண்டு இடைவெளியில் வந்து சேர்ந்திருக்கிறது. அந்த இடைவெளி தேவையில்லாதது.

பழைய கேன்களைச் சட்டம் தொடவில்லை. கேனின் கழுத்துக்குள் பகல் வெளிச்சத்தில் பார்த்தால் வலையோ துளைத் தட்டோ இருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஊற்றும் வேகம் குறைகிறது என்று சிலர் அந்த வலையைக் குத்தி எடுத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

பெட்ரோலை ஊற்றுவதிலும் காற்றின் பங்கே பெரிது. கேனிலிருந்து ஒரு லிட்டர் வெளியே வந்தால் ஒரு லிட்டர் காற்று உள்ளே போயாக வேண்டும். வாய் ஒன்றே ஒன்று என்றால் இரண்டும் முறை வைத்துக்கொள்ளும்: கொஞ்சம் பெட்ரோல் வெளியே, கொஞ்சம் காற்று உள்ளே, மறுபடி பெட்ரோல். இந்த ‘களக் களக்’ அதிர்வில்தான் சிந்துகிறது. இதற்கு மிகச் சிறந்த தீர்வு ஒரு ராணுவத்திடமிருந்து வந்தது. 1937-இல் ஜெர்மனியின் ஷ்வெல்ம் நகரில் இருந்த ம்யூல்லர் நிறுவனத்தின் பொறியாளர் வின்சென்ஸ் க்ரூன்ஃபோகல் உருவாக்கிய 20 லிட்டர் உலோகக் கேனில், காற்று உள்ளே போக வாய்க்குள்ளேயே தனிக் குழாய் இருந்தது. அதனால் பெட்ரோலைச் சீராக, புனல் இல்லாமல் ஊற்ற முடிந்தது. மேலே காற்றுக்கென்று ஒரு மேடு விட்டிருந்தார்கள். வெயிலில் பெட்ரோல் விரிவதற்கு அது இடம் தந்தது, நிரம்பிய கேன் நீரில் மிதக்கவும் உதவியது. மூன்று கைப்பிடிகள் இருந்ததால் ஒருவரே காலிக் கேன்களைக் கைக்கு இரண்டாகத் தூக்க முடிந்தது. நிரம்பிய கேனை இருவர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து வரிசையில் கைமாற்ற முடிந்தது. வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பிரிட்டிஷ் படையின் மெல்லிய தகர டின்கள் வழியெல்லாம் ஒழுகிக்கொண்டிருந்தன. எதிரியின் இந்தக் கேன் கையில் கிடைத்தபோது அவர்கள் அதை அப்படியே நகலெடுத்தார்கள். உலகம் இன்று ஜெர்ரி கேன் என்று சொல்வது இதைத்தான்.

அமெரிக்க வீட்டுக் கேன் வேறு பாதையில் போனது. முன்பு அதன் பின்பக்கம் காற்றுக்கென்று ஒரு சின்னத் துளையும் மூடியும் இருந்தன. அதைத் திறந்துவிட்டு ஊற்றுவார்கள். பிறகு மூட மறந்துவிடுவார்கள். பகலில் வெயில் ஏறும்போது கேன் மூச்சு விடும், இரவில் குளிரும்போது மூச்சு வாங்கும். ஒவ்வொரு மூச்சிலும் பெட்ரோல் ஆவி கொஞ்சம் வெளியே போய், சூரிய ஒளியில் ஓசோன் புகைமூட்டத்துக்கு எரிபொருளாகும். கலிஃபோர்னியா 2001 முதலும், நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2009 ஜனவரி முதலும் இதற்கு விதி கொண்டுவந்தன. ஊற்றும் குழாய் தானாக மூடிக்கொள்ள வேண்டும். கேலனுக்கு ஒரு நாளைக்கு 0.3 கிராமுக்கு மேல் ஆவி கசியக் கூடாது. குழந்தைகள் திறக்க முடியாத மூடி வேண்டும் என்று 2008-இல் தனிச் சட்டமே வந்தது.

பின்பக்கத் துளை போனது. குழாய்க்குள்ளேயே காற்றுப்பாதை வந்தது. தொட்டி நிரம்பி, பெட்ரோல் மட்டம் அந்தக் காற்றுத் துளையை மூடியதும் ஊற்றுவது தானாக நிற்கும். நல்ல இயற்பியல்தான். ஆனால் முதல் தலைமுறைக் குழாய்களில் பல, விசையை அழுத்தி, திருகி, கேனின் எடையைத் தாங்கியபடி ஒரே கையால் இயக்க வேண்டியவையாக அமைந்தன. சிந்தாமல் இருக்க வந்த குழாய் சிந்தவைத்தது. எரிச்சலடைந்தவர்கள் அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் பழைய பாணிக் குழாயை மாட்டினார்கள். விதியின் நோக்கத்தில் எனக்குக் குறை தெரியவில்லை. நடுங்கும் கையும் குளிரில் விறைத்த விரலும் உள்ள ஒருவரை அந்தக் குழாயைச் செய்தவர்கள் போதிய அளவு நினைத்துப் பார்க்கவில்லை என்பதே என் வருத்தம். ஐந்து கேலன் கேனை வாங்காமல் ஒன்றிரண்டு கேலன் கேனை வாங்குவது இந்தச் சிக்கலில் பாதியைத் தீர்க்கும். 14 கிலோ எடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு எந்தக் குழாயையும் யாரும் நிதானமாக இயக்க முடியாது.

பெட்ரோல் பங்கில் கேனை நிரப்பும்போது காத்திருப்பது வேறொரு ஆபத்து. குழாயில் ஓடும் பெட்ரோல் நிலைமின்சாரத்தைச் சுமந்து வருகிறது. கேன் தரையில் இருந்தால் அது கசிந்து மண்ணுக்குப் போய்விட வழி இருக்கிறது. பிளாஸ்டிக் விரிப்புப் போட்ட பிக்அப் வண்டியின் பின்தட்டில் வைத்து நிரப்பினால், மின்னூட்டம் போக்கிடமில்லாமல் கேனில் சேர்ந்து, பங்கின் குழாய் முனைக்குத் தாவும். இப்படி நடந்த தீ விபத்துகளைப் பற்றி அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1998-இல் எச்சரிக்கை வெளியிட்டது. பெட்ரோல் ஆவியைப் பற்றவைக்கக் கால் மில்லிஜூல் அளவு ஆற்றலே போதும். கார் இருக்கையில் உரசி இறங்கும் மனித உடல் 10,000 வோல்ட் வரை ஏறிவிடக்கூடும். அப்போது அதில் சேர்ந்திருக்கும் ஆற்றல் ஏழெட்டு மில்லிஜூல். 3,000 வோல்ட்டுக்குக் கீழே தெறிக்கும் பொறியை நம் விரல் பெரும்பாலும் உணர்வதே இல்லை. அந்த உணராத பொறியிலும் தேவைக்கு மேலான ஆற்றல் இருக்கிறது. கேனை வண்டியிலிருந்து இறக்கித் தரையில் வைத்து, குழாய் முனை கேனின் வாயை விடாமல் தொட்டபடி, மெதுவாக நிரப்ப வேண்டும். முழுக்க நிரப்பாமல் மேலே கொஞ்சம் இடம் விட வேண்டும்.

நம் ஊர்களில் புல்தரை குறைவு. ஆனால் புயல் காலத்தில் ஜெனரேட்டருக்கும், தோப்பில் புல் வெட்டும் கருவிக்கும், மருந்து தெளிக்கும் இயந்திரத்துக்கும் பெட்ரோல் வாங்கி வைப்பது உண்டு. 2022-இன் தட்டுப்பாட்டு மாதங்களில் இலங்கையிலும் எத்தனையோ வீடுகளில் பெட்ரோல் சேர்த்து வைத்தார்கள். இந்தியாவின் 1934-ஆம் ஆண்டு பெட்ரோலியச் சட்டம், விற்பனைக்கு அல்லாமல் 30 லிட்டர் வரை உரிமமின்றி வைத்திருக்க அனுமதிக்கிறது. ஆனால் கண்ணாடியிலோ பீங்கானிலோ என்றால் கலன் ஒரு லிட்டரைத் தாண்டக் கூடாது, உலோகத்தில் 25 லிட்டரைத் தாண்டக் கூடாது, மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். தண்ணீர் பாட்டில் அந்தப் பட்டியலில் இல்லை. தண்ணீர் பாட்டிலில் இருக்கும் பெட்ரோலைக் குழந்தை தண்ணீர் என்றே எடுக்கும்.

பைக் டேங்கில் ரப்பர் குழாயை விட்டு வாயால் உறிஞ்சுகிற பழக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். பெட்ரோல் வயிற்றுக்குள் போவதைவிட நுரையீரலுக்குள் போவதே பெரிய கேடு. அது நீரைவிட எளிதில் ஓடும், பரப்பு இழுவிசையும் மிகக் குறைவு. தொண்டையில் பட்டதும் இருமல் வரும். அந்த இருமலில் சில சொட்டுகள் மூச்சுக்குழாய்க்குள் நழுவினால் மெல்லிய படலமாகப் பரவி நுரையீரல் அழற்சியை உண்டாக்கும். வாந்தி எடுக்க வைத்தால் அதே ஆபத்து இரண்டாவது முறை வரும். ஆகவே வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கையால் அமுக்கி இயக்கும் சின்னப் பம்பின் விலை மிகக் குறைவு.

கிடக்கும் பெட்ரோல் கெடவும் செய்யும். அதில் உள்ள சில ஹைட்ரோகார்பன்கள் காற்றின் ஆக்சிஜனோடு மெல்லச் சேர்ந்து பிசினாகின்றன. புல்வெட்டும் இயந்திரத்தின் கார்புரேட்டரில் பெட்ரோல் போகும் துளை ஒரு மில்லிமீட்டரைவிடச் சிறியது. அதை அடைக்க அதிகப் பிசின் தேவையில்லை. பருவம் மாறி இயந்திரம் உயிர்பெற மறுப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். எத்தனால் இதில் இன்னொரு சிக்கலைச் சேர்க்கிறது. அமெரிக்கப் பங்குகளில் 10 சதவீதம் கலப்பு வழக்கமானது. இந்தியாவில் இப்போது 20 சதவீதம் வந்திருக்கிறது. எத்தனால் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். 10 சதவீதக் கலப்பில் ஒரு லிட்டர் பெட்ரோல் ஒரு தேக்கரண்டி அளவு தண்ணீரைக் கரைத்து வைத்திருக்கும்; அதற்கு மேல் போனாலோ, குளிர் கூடினாலோ, தண்ணீரும் எத்தனாலும் கூட்டாகப் பிரிந்து அடியில் இறங்கிவிடும். மேலே நிற்கும் பெட்ரோலின் ஆக்டேன் எண் குறையும். இயந்திரம் முதலில் உறிஞ்சுவது அடியில் உள்ளதைத்தான். எண்ணெய் கலந்து ஓட்டும் இரண்டு-ஸ்ட்ரோக் கருவிகளில் கதை இன்னும் மோசம்: எண்ணெய் மேலடுக்கிலேயே தங்கிவிட, அடியடுக்கு எந்த மசகும் இல்லாமல் சிலிண்டருக்குள் போகும். ஒருமுறை பிரிந்ததைக் குலுக்கிச் சேர்த்துவிட முடியாது.

பங்கில் விற்கும் பெட்ரோலே பருவத்துக்குப் பருவம் வேறு. குளிரில் இன்ஜின் கிளம்ப வேண்டும் என்பதற்காகக் குளிர்காலப் பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதிகளை அதிகம் சேர்க்கிறார்கள். அதை வாங்கி வைத்துக் கோடையில் பார்த்தால் கேன் உப்பிப் போயிருக்கும். திறக்கும்போது, எங்கும் சுடரில்லாத வெளியிடத்தில், முகத்தை விலக்கி, மூடியை மெல்லத் தளர்த்தி அழுத்தம் இறங்க விட வேண்டும். கேனின் பிளாஸ்டிக் சுவரின் வழியாகவே ஆவி ஊடுருவிக் கசியும் என்பதும் பலருக்குத் தெரியாது. அதைத் தடுக்க உள்சுவரில் ஃப்ளூரின் ஏற்றினார்கள்; அந்தச் செயல்முறையே இயற்கையில் எளிதில் சிதையாத ஃப்ளூரின் சேர்மங்களை உண்டாக்குகிறது என்று பிறகு தெரியவந்தது. தடுப்பு அடுக்கை இடையில் வைத்து வார்க்கும் பல அடுக்குக் கேன் இதைவிட மேலான வழி. பெட்ரோலில் உள்ள பென்சீன் புற்றுநோய் உண்டாக்குவது. அலாஸ்காவின் ஆங்கரேஜில், வீட்டோடு ஒட்டிய கராஜ் உள்ள வீடுகளுக்குள் பென்சீன் அளவு உயர்ந்திருந்ததை ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். தனியாக நிற்கும், காற்றோட்டமுள்ள ஷெட் இருந்தால் கேனின் இடம் அதுதான்.

ஸ்வீடனில், நாள் முழுதும் மரம் அறுக்கும் இயந்திரத்தின் புகையைச் சுவாசித்த வனத் தொழிலாளர்களுக்காக 1980-களின் இறுதியில் ஆல்கைலேட் பெட்ரோல் வந்தது. அதில் பென்சீன் ஏறக்குறைய இல்லை, எத்தனால் இல்லை, பிசினாகும் பகுதியும் இல்லை. மூடிய டப்பாவில் ஆண்டுக்கணக்கில் கெடாது. விலை பல மடங்கு. ஆண்டுக்குச் சில லிட்டரே செலவாகும் வீட்டுக்கு அந்த விலை நியாயமானது என்பது என் கருத்து. ஒரு கார்புரேட்டர் பழுது அதைவிடக் கூடுதலாக வாங்கிவிடும். கலிஃபோர்னியா 2024 முதல் இத்தகைய சிறு பெட்ரோல் இன்ஜின் கருவிகளில் பெரும்பாலானவற்றின் புதிய உற்பத்தியைக் கட்டுப்படுத்தி பேட்டரிக்குத் திருப்பியிருக்கிறது. ஏற்கெனவே வீடுகளில் இருக்கும் இயந்திரங்கள் இன்னும் பல ஆண்டுகள் ஓடும்.

பருவம் முடியும்போது அவற்றுக்குச் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். சில வாரத்துக்கு வேண்டிய அளவே வாங்கி, கேனின் மேல் தேதியை எழுதி வைத்தால் பழையது சேராது. கடைசித் தடவை புல் வெட்டியபின், இன்ஜின் ஆறியதும், டேங்கில் உள்ளதைக் கேனுக்குத் திருப்பிவிட்டு, கார்புரேட்டரில் இருப்பது தீரும்வரை வெளியே நிறுத்தி ஓடவிடலாம். கேனில் மிஞ்சியது புதிதாகவும் எண்ணெய் கலக்காததாகவும் இருந்தால் காரின் டேங்கில் ஊற்றிவிடலாம். அங்கே அது சில நாளில் செலவாகிவிடும். நிறம் கருத்து, வார்னிஷ் வாடை அடித்தால் காருக்கும் வேண்டாம். சாக்கடையில் ஊற்றினால் அதன் ஆவி குழாய் வழியே பக்கத்து வீட்டுக்குப் போகும். மண்ணில் ஊற்றினால் பென்சீன் கிணற்றுக்குப் போகும். அமெரிக்காவில் பல கவுன்டிகள் ஆபத்தான வீட்டுக் கழிவுகளை வாங்கிக்கொள்ளும் மையங்களை நடத்துகின்றன. மூடிய கேனிலேயே, காரின் உள்ளே அல்லாமல் திறந்த வண்டியில் நிமிர்த்திக் கட்டி வைத்து, அங்கே கொண்டுபோய்க் கொடுக்கலாம்.